மக் அப் புராணம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நியூ டவுனில் எங்கள் எட்டாவது மாடி பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே, ஏழாவது படிக்கும் மகள் அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்துகொண்டே சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"கிவ் அப், டு ஸ்டாப் ட்ரையிங். புட் அப் வித், டு டாலரேட். லுக் ஆஃப்டர், டு டேக் கேர் ஆஃப்..."

மறுநாள் பரீட்சை. நாற்பது ஃப்ரேசல் வெர்ப் அடங்கிய பட்டியல் ஒன்றைப் பள்ளியில் கொடுத்திருந்தார்கள். ஒரு வினைச்சொல், அதன் வாலில் அப், அவுட், ஆஃப், இன் என்று ஒரு குட்டிச் சொல். இரண்டும் சேர்ந்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது அர்த்தம். அதுதான் ஃப்ரேசல் வெர்ப்.

சும்மா இருக்கமாட்டாமல் உள்ளே போய், "சரி, கிவ் அப் சொன்னே. கிவ் இன்னுன்னா என்ன?" என்று கேட்டேன்.

"அது லிஸ்ட்லயே இல்லப்பா."

"லிஸ்ட்ல இல்லாட்டி என்ன? சும்மா யோசிச்சு சொல்லேன்."

"அப்பா, ப்ளீஸ்! கஷ்டப்பட்டு மக் அப் பண்ணியிருக்கேன். நீ நடுவுல எதையாவது கேட்டா எல்லாம் மறந்துடும்!"

தங்கமணி சமையலறையிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். நான் டீயை எடுத்துக்கொண்டு மறுபடி பால்கனிக்கு வந்துவிட்டேன்.

வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மகள் சொன்னாளே "மக் அப்", அதுவும் ஒரு ஃப்ரேசல் வெர்ப்தான். பட்டியலில் இருந்த நாற்பதில் அது இல்லை. ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு அர்த்தம் தெரிகிறது, சரியான இடத்தில் சரியாகப் போடத் தெரிகிறது, மறக்கவும் மாட்டாள். மக் அப் பண்ணாமலே அவள் கற்றுக்கொண்ட ஒரே ஃப்ரேசல் வெர்ப் "மக் அப்" தான்!

இந்த வேடிக்கையை நினைத்துக்கொண்டே கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட இந்த ஊர் சமாச்சாரமாகவே வந்துகொண்டிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள், அதாவது புட் அப் வித் :-)

முதலில் என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அமெரிக்க வாடிக்கையாளரோடு போன் மீட்டிங். அறுபது பக்க ஆவணம் ஒன்றைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்திருந்தேன். "ஆவணத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டதும் பெருமையாக, "முழுசையும் மக் அப் பண்ணிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் அமைதி. அப்புறம் ஒருவர், "யாரையும் அடித்துப் பிடுங்கவில்லையே?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அமெரிக்கர்களுக்கு "மக்" என்ற வினைச்சொல் தெருவில் மறித்து வழிப்பறி செய்வது என்று பிற்பாடுதான் தெரிந்தது. பல வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது. ஒன்றும் பெரிய அவமானம் இல்லைதான். ஆனால் அதன் பிறகு ரொம்ப நாள், போனில் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. மக் அப் என்பது அசல் இங்கிலாந்துச் சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே மாணவர்களிடையே புழங்கிய கொச்சைச் சொல். இன்றைக்கும் அங்கே சொல்கிறார்கள். ஆனால் அர்த்தம் கொஞ்சம் வேறு. ஒரு நேர்முகத்துக்கோ பயணத்துக்கோ முன்னால் அவசர அவசரமாக ஒரு விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதுதான் அவர்களுடைய மக் அப். பின்னால் "ஆன்" சேர்த்து, இன்ன விஷயத்தின் மேல் மக் அப் செய்தேன் என்பார்கள். நாம் அந்த "ஆன்"ஐ விட்டுவிட்டோம். பாடத்தை மக் அப் பண்ணுவோம், பார்முலாவை மக் அப் பண்ணுவோம். புரிந்ததோ இல்லையோ, வரிக்கு வரி மண்டையில் ஏற்றுவதுதான் நம்முடைய மக் அப். சிங்கப்பூரில் விழுந்து விழுந்து படிக்கிற பிள்ளைக்கு "மக்கர்" என்றே பெயர். ஆக, ஒரே சொல்: லண்டனில் தயாரிப்பு, சென்னையிலும் கொல்கத்தாவிலும் உருப்போடுதல், நியூயார்க்கில் வழிப்பறி. அமெரிக்கரிடம் பேசும்போது "போன் அப் ஆன்" என்றோ "க்ராம்" என்றோ சொன்னால் தப்பித்தோம்.

"மக்" என்றால் கொச்சையில் முகம். பதினெட்டாம் நூற்றாண்டில் மனித முகம் போலவே குவளைகள் செய்தார்கள், அதனால் குவளையின் பெயர் முகத்துக்கு வந்தது என்பது பரவலான விளக்கம். நாடகக்காரர்கள் முகத்தில் சாயம் பூசி வேஷம் போட்டுக்கொள்வதையும் "மக் அப்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது மேக்கப்! படிப்பு மக் அப்புக்கும் வேஷ மக் அப்புக்கும் உறவு உண்டா என்பதில் அகராதிக்காரர்கள் உறுதியாக இல்லை. எனக்கென்னவோ பொருத்தமாகத்தான் படுகிறது. பரீட்சை மேடையில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு அறிவாளி வேஷம், மணி அடித்ததும் கலைத்துவிடலாம். இங்கிலாந்தில் "மக்" என்பதற்கு ஏமாளி என்றும் ஒரு பொருள் உண்டு. நம் ஊரில் "மக்கு" என்றால் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. இது தற்செயல் ஒற்றுமைதான். ஆனாலும் கல்லூரி நாட்களில் "மக் அடிக்கிறவன் மக்கு" என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் எல்லோரும் மக் அடித்தோம்.

பக்கத்து சீட் வங்காளி தாதாவிடம் இதைச் சொன்னபோது அவர் இன்னொன்று எடுத்துவிட்டார். வங்காளத்தில் மனப்பாடம் செய்வதற்கு "முகொஸ்தொ" என்று பெயர். முகத்தில் (அவர்களுக்கு முகம் என்றால் வாயும்தான்) நிற்பது என்று அர்த்தம். இந்தியில் "கண்டஸ்த்", தொண்டையில் நிற்பது. ஆங்கிலத்தில் "பை ஹார்ட்", இதயத்தால் கற்பது. தமிழில் மனப்பாடம், மனதில் நிற்பது. ஒவ்வொரு மொழிக்காரனும் பாடத்தை உடம்பில் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறான் பாருங்கள்.

சரி, லண்டன் மாணவர்களின் கொச்சைச் சொல் இவ்வளவு ஆழமாக நம் ஊரில் வேர்பிடித்தது ஏன்? அதற்கு ஒரு வயல் தயாராக இருந்தது. அந்த வயலை உழுதது பெரும்பாலும் இந்தக் கல்கத்தாவில்தான்.

1817இல் இங்கே இந்து காலேஜ் தொடங்கியது. அதுதான் பிறகு பிரசிடென்சி காலேஜ் ஆகி, இப்போது பிரசிடென்சி பல்கலைக்கழகமாக இருக்கிறது. அதன் இரண்டாம் வளாகம் எங்கள் நியூ டவுனில்தான். 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே தன் பிரசித்தி பெற்ற கல்விக் குறிப்பை எழுதியதும் கல்கத்தாவில்தான். பலரும் அவர் ஒருவரோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1844. அந்த வருடம் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், அரசு வேலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று ஆணை போட்டார். அதோடு ஆங்கிலம் படிப்பு என்பதைத் தாண்டி சோறு ஆகிவிட்டது. 1854இல் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை பல்கலைக்கழகங்கள் அமைக்கச் சொன்னது. 1857 ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பரில் சென்னை என மூன்றும் பிறந்தன. வட இந்தியா கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த அதே வருடம்!

இந்த மூன்றும் அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அதாவது, பாடம் நடத்தாத பல்கலைக்கழகங்கள்! கல்லூரிகள் எங்கெங்கோ இருக்கும், பாடத்தை அவை நடத்தும். பல்கலைக்கழகத்தின் வேலை பாடத்திட்டம் வகுப்பது, பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது. சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர், கேள்வி கேட்கிறவர் இன்னொருவர். நடுவில் மாட்டிக்கொண்ட பையன் என்ன செய்வான்? கேள்வி கேட்பவரின் முகம் தெரியாது, கையில் இருப்பது புத்தகம் மட்டும். அதை அப்படியே விழுங்குவதுதான் பத்திரம்.

கல்கத்தாவின் முதல் பி.ஏ. தேர்வு 1858இல் நடந்தது. தேறியவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கும் கருணை மதிப்பெண் போட்டுத்தான் கரையேற்றினார்கள். ஒருவர் ஜதுநாத் போஸ். இன்னொருவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. ஆமாம், பின்னாளில் ஆனந்தமடம் எழுதிய அதே பங்கிம்தான். அவர் முதலில் நாவல் எழுதியது ஆங்கிலத்தில். 1864இல் வெளிவந்தது. மறுவருடமே வங்காளிக்குத் திரும்பி துர்கேசநந்தினி எழுதினார். அதற்குப் பிறகு ஆங்கில நாவல் பக்கம் போகவில்லை.

நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகள் யார் தெரியுமா? இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். கறல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மக் அடிப்பது நம் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளே அப்படித்தான் வந்தார்கள்! 1855 முதல் ஐ.சி.எஸ். வேலைக்கு லண்டனில் போட்டித் தேர்வு வைத்தார்கள். அதில் தேறி வந்தவர்களுக்கு "காம்படிஷன் வாலா" என்று கேலிப் பெயர். அந்தத் தலைப்பிலேயே ட்ரெவெல்யன் 1864இல் ஒரு புத்தகம் போட்டார். அந்தப் பரீட்சைக்குத் தயார் செய்யவென்றே லண்டனில் பயிற்சி நிலையங்கள் நடந்தன. அவற்றை நடத்தியவர்களுக்கு "க்ராமர்" என்று பெயர். அதாவது திணிப்பவர். ஆக, க்ராம், மக் அப், ஸ்வாட் என்ற சொற்களெல்லாம் அவர்கள் தங்கள் படிப்புக்கே வைத்துக்கொண்ட பெயர்கள். பரீட்சையோடு சேர்ந்து சொல்லும் கப்பலேறி வந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

தாகூர் வீட்டிலேயே இதன் இரண்டு பக்கமும் இருக்கிறது. அண்ணன் சத்யேந்திரநாத், 1863இல் ஐ.சி.எஸ்.ஸில் சேர்ந்த முதல் இந்தியர். தம்பி ரவீந்திரநாத், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். லண்டனுக்கு அனுப்பியும் பட்டம் வாங்காமல் திரும்பி வந்தவர். அதே தம்பிக்கு 1913இல் கல்கத்தா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது!

இனி கொஞ்சம் வலிக்கிற பகுதி.

1873இல் கல்கத்தாவில் ஒரு வாழ்க்கை வரலாறு வெளியானது. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து மறைந்த ஒனுகூல் சந்திர முகர்ஜியைப் பற்றி, அவருடைய உறவினர் மொகிந்திரநாத் முகர்ஜி ஆங்கிலத்தில் எழுதியது. இறந்துபோன பெரியவர் மேல் இருந்த உண்மையான பாசத்தில் எழுதிய புத்தகம். ஆனால் அவர் படித்த மரபுத்தொடர்கள், மேற்கோள்கள், லத்தீன் துண்டுகள் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டார். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. சேர்ந்து நிற்கும்போது இடம் பொருத்தமில்லை. சாவு வீட்டில் போய் கல்யாணப் பட்டுப்புடவை கட்டி நிற்கிற மாதிரி. இங்கிலாந்தில் அந்தப் புத்தகத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாபு இங்கிலீஷ்" என்றாலே உதாரணமாகக் காட்டும் புத்தகமாகிவிட்டது. 1897இல் ஆன்ஸ்டே என்ற நகைச்சுவை எழுத்தாளர் "பாபு ஜாபர்ஜி, பி.ஏ." என்று ஒரு வங்காளிப் பாத்திரத்தையே உருவாக்கிச் சிரிக்கவைத்தார். பேரோடு ஒட்டியிருக்கிற அந்த பி.ஏ.வைக் கவனியுங்கள். கேலியே அதில்தான்.

மக் அப் பண்ணினால்தான் வேலை என்று ஆணை போட்டவர்களும் அவர்கள், மக் அப் பண்ணினவன் பேசினால் சிரித்தவர்களும் அவர்கள். ஒனுகூல் சந்திரரின் அந்த உறவினரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த போன் மீட்டிங்தான் ஞாபகம் வருகிறது.

உள்ளூரில் நிலைமை இன்னும் மோசம். பட்டத்துக்குத் தோற்றவர்கள்கூட "பி.ஏ. ஃபெயில்" என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள் என்று கேலி செய்வார்கள். அவ்வளவு தூரம் படித்ததே ஒரு தகுதிதானே, பாவம். பரீட்சையைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் இன்றைக்கும் "சாஜெஷன்" என்று கேட்டுப் பாருங்கள். வரப்போகிற பரீட்சைக்கு எந்தெந்தக் கேள்வி வரும் என்று ஊகித்துத் தொகுத்த தாள் கிடைக்கும். நமக்கு கோனார் நோட்ஸ் எப்படியோ அப்படி.

கர்சன் பிரபு 1902இல் பல்கலைக்கழகங்களை ஆராய ஒரு கமிஷன் போட்டார். வெறும் உருப்போடும் படிப்பைப் பற்றி அவரும் நிறையக் குறைபட்டுக்கொண்டார். 1904இல் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் அரசாங்கத்தின் பிடியை இறுக்குகிறது என்று நம் தலைவர்கள் எதிர்த்தார்கள். அதன் பிறகு துணைவேந்தராக வந்த ஆசுதோஷ் முகர்ஜிதான் பரீட்சை மட்டும் நடத்திய கல்கத்தா பல்கலைக்கழகத்தை, முதுகலை வகுப்புகள் நடத்துகிற, ஆராய்ச்சி செய்கிற இடமாக மாற்றினார்.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவர் வருகிறார். 1907இல் நிதித்துறைப் போட்டித் தேர்வில் முதலாவதாகத் தேறி, கல்கத்தாவுக்குக் கணக்குத் துறை அதிகாரியாக வந்த ஒரு தமிழ் இளைஞர். பகலில் அரசாங்கக் கணக்கு. காலையிலும் மாலையிலும் பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். பல வருடம் இப்படியே. 1917இல் ஆசுதோஷ் அழைத்ததும் அந்த நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுப் பேராசிரியராகச் சேர்ந்தார். சர் சி.வி. ராமன்தான். பரீட்சையில் அவரை ஜெயிக்க ஆளில்லை. ஆனால் 1928இல் அவர் கண்டுபிடித்தது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று. கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த தமிழன் என்ற முறையில் எனக்கும் அவருக்கும் உள்ள ஒற்றுமை ஹௌரா ஸ்டேஷனோடு முடிந்துவிடுகிறது என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

1917 முதல் 1919 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய சாட்லர் தலைமையில் இன்னொரு கமிஷன். அது ஆராய்ந்துகொண்டிருந்த நேரத்தில், 1918இல், தாகூர் ஒரு குட்டிக் கதை எழுதினார். தோதா காஹினி, கிளியின் கதை. ராஜா ஒரு கிளிக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார். பண்டிதர்கள் கூடுகிறார்கள். தங்கக் கூண்டு செய்கிறார்கள், மலைமலையாக ஏடுகளை எழுதுகிறார்கள். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நல்ல வருமானம். கிளியின் வாயில் காகிதத்தைத் திணித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருநாள் கிளி செத்துப்போகிறது. ராஜா அதை அமுக்கிப் பார்க்கும்போது உள்ளே காகிதம் சரசரக்கிறது. அவ்வளவுதான் கதை. "சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை" என்று நாம் பழமொழியோடு நிறுத்திக்கொண்டோம். அவர் அந்தக் கிளிக்கு என்ன ஆனது என்று சொல்லிவிட்டார்.

நியூ டவுனில் ரவீந்திர தீர்த்தா என்று தாகூர் பெயரில் ஒரு கலை மையம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் என் மகளுடைய ட்யூஷனுக்குப் போகவேண்டும் :-(

இதையெல்லாம் படித்துவிட்டு, மனப்பாடமே கெட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் முழுக்க மனப்பாடத்தில்தான் நடந்தன. எண்சுவடியில் இருக்கும் முந்திரி, அரைக்காணி, மாகாணி என்ற பின்னங்களின் வாய்பாட்டைச் சொல்லிச் சொல்லியே ஏற்றினார்கள். ஏற்றியதற்குக் காரணம் இருந்தது. நெல் அளக்க, நிலம் அளக்க, வட்டி போட அது மறுநாளே வேண்டியிருந்தது. நாம் "உருப்போடுதல்" என்கிறோமே, அந்த உரு மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. "உருவேறத் திருவேறும்" என்பார்கள். உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதும் அப்படித்தான். பாட்டு மனதில் இருக்கும், பொருள் சொல்ல எதிரே ஆசிரியர் இருப்பார், சந்தேகம் கேட்டால் பதில் வரும். அந்த மனப்பாடம் மூன்று மணி நேரத்தில் கலைகிற வேஷம் இல்லை.

தாமோதரம்பிள்ளையை ஞாபகம் வைக்கச் சொன்னேனே. பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியான அவர் கலித்தொகையைப் பதிப்பித்தது 1887. எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் படிக்காத உ.வே.சா. சீவகசிந்தாமணியைப் பதிப்பித்ததும் அதே 1887. பரீட்சை வழியாக வந்தவரும் மனப்பாட வழியாக வந்தவரும் ஒரே வருடத்தில் ஒரே வேலையைச் செய்து நின்றார்கள். ஆகவே, மனப்பாடத்தின் மேல் குற்றமில்லை, பரீட்சையின் மேலும் முழுக் குற்றமில்லை. படித்ததை நாளைக்கு எங்கே உபயோகிப்போம் என்ற கேள்வியைப் பிடுங்கிவிட்டுப் படிக்கவைப்பதுதான் மக் அப்.

இப்போது ஃப்ரேசல் வெர்ப்புக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் மக் அப்புக்கு அடங்கவே அடங்காத ஒன்று உண்டென்றால் அது இதுதான். 1755இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே தன் முன்னுரையில், வெளிநாட்டவரை ரொம்பக் கஷ்டப்படுத்துவது வினையோடு ஒட்டுகிற இந்தக் குட்டிச் சொற்கள்தான் என்று எழுதிவிட்டார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரைப் பரப்பியது லோகன் பியர்சால் ஸ்மித், 1925இல். நம் நாட்டில் இதைப் பட்டியலாக்கி மனப்பாடம் செய்யவைத்ததில் ரென் அண்ட் மார்ட்டினுக்குப் பங்கு உண்டு. வங்காளத்தில் கூடவே பி.கே. தே சர்க்கார்.

பட்டியல் ஏன் உதவுவதில்லை? "அப்" என்ற ஒட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈட் அப், ட்ரிங்க் அப், யூஸ் அப், மக் அப். இங்கெல்லாம் அப் என்றால் மேலே இல்லை. மிச்சம் வைக்காமல் முடிப்பது. இதை ஆங்கிலத்தில் விளக்கினால் குழப்பம். தமிழனுக்கு ஒரு வரியில் புரியும். "சாப்பிடு" வேறு, "சாப்பிட்டுவிடு" வேறு அல்லவா? அந்த "விடு" வேறு எதையும் விடச் சொல்லவில்லை, முடிக்கச் சொல்கிறது. யாழ்ப்பாணத்தார் "சாப்பிட்டுப்போட்டு வாறன்" என்றால் எதையும் கீழே போடுவதில்லை. வங்காளிகளும் "கேயே ஃபேலோ" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "சாப்பிட்டு எறி". அர்த்தம், முழுசாகச் சாப்பிட்டுவிடு. ஆக, துணைவினை என்று நம் வீட்டிலேயே இருக்கும் சரக்கு இது. "எழுதித் தள்ளினான்", "பார்த்து வை", "வந்து தொலை" என்பதையெல்லாம் எந்தக் குழந்தையும் பட்டியல் வைத்துப் படிப்பதில்லை. யார் யாரிடம், எந்தக் கோபத்தில், எந்தச் செல்லத்தில் சொன்னார்கள் என்பதோடு சேர்த்துக் காதில் வாங்குகிறது.

நான் வங்காளி கற்றுக்கொண்டதும் அப்படித்தான். வந்த புதிதில் முப்பது நாளில் வங்காளி மாதிரி ஒரு புத்தகம் வாங்கி மக் அடித்தேன். ஆட்டோக்காரர் வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோனது. ஆபீஸ் வாசல் டீக்கடையில்தான் படிப்பு தொடங்கியது. "சா காபேன்?" என்று கேட்பார் கடைக்காரர். டீ சாப்பிடுகிறீர்களா என்று. டீ, தண்ணீர், சிகரெட் எல்லாவற்றையும் இங்கே "சாப்பிடுவார்கள்". அந்த மண் குவளையின் சூடு கையில் ஏறியபோது கற்ற சொல் இன்றுவரை மறக்கவில்லை. தப்பாகப் பேசினால் அவரும் சிரிப்பார். ஆனால் சிரித்துவிட்டுச் சரியான சொல்லைச் சொல்லிக்கொடுப்பார். அந்த போன் மீட்டிங்கில் சிரித்தவர்கள் யாரும் அதைச் செய்யவில்லை.

அன்று மாலை மகளிடம் பேரம் பேசினேன். பட்டியலை அரை மணி நேரம் மூடிவை, நாற்பதில் பத்தை மட்டும் எடுத்து நம் வீட்டு ஆட்களை வைத்துக் கதை சொல்லலாம் என்று. அப்பாவின் குறட்டையை அம்மா எப்படிப் பொறுத்துக்கொள்கிறாள் (புட் அப் வித்), பாட்டி எப்போது சிகரெட்டை நிறுத்தச் சொன்னாள், அப்பா எப்போது நிறுத்தினார் (கிவ் அப்), எத்தனை முறை சபலத்துக்குப் பணிந்தார் (கிவ் இன்!). வீடே சிரித்தது. சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள்:

"நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா மிச்ச முப்பது? நாளைக்கு டெஸ்ட்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "சரி, அதை மக் அப் பண்ணிடு" என்றேன். தாகூரும் மன்னிக்கட்டும், கிளியும் மன்னிக்கட்டும்.

விடைத்தாள் போன வாரம் வந்தது. இருபதுக்குப் பதினெட்டு. போன இரண்டில் ஒன்று எழுத்துப்பிழை. இன்னொன்று, விருப்பமான ஃப்ரேசல் வெர்ப் ஒன்றை வைத்துச் சொந்த வாக்கியம் எழுதச் சொன்ன கேள்வி. "நேற்று ராத்திரி நாற்பது ஃப்ரேசல் வெர்ப்பையும் மக் அப் பண்ணினேன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் அடித்து, "பட்டியலில் இல்லை" என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

அந்த ஒரு மார்க்குக்காக அவள் அழுதாள். பட்டியலில் இல்லாததைச் சரியாக உபயோகித்த ஒரே வாக்கியம் அதுதான் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. விடைத்தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். என்றைக்காவது காட்டிக்கொள்ளலாம்.

பி.கு.: உங்கள் ஊரில், உங்கள் கல்லூரியில் இதற்கு என்ன பெயர்? கடம் அடிக்கிறது, நெட்டுரு, பைஹார்ட், உரு... எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான். வேறு இருந்தால் சொல்லுங்கள். மக் அப் பண்ணிக்கொள்கிறேன்.